பேசாத பழைய பேட்டரி மைக்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிதல்

1970களிலும் 80களிலும் வந்த, உள்ளே பேட்டரி போட்டு இயக்கும் கண்டென்சர் மைக்குகள் பழைய பொருள் கடைகளிலும், மூடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடங்களின் அலமாரிகளிலும், டேப் ரெக்கார்டரோடு சேர்த்து விற்கப்படும் பெட்டிகளிலும் இன்றும் கிடைக்கின்றன. ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லித்தான் பெரும்பாலும் அவற்றை விற்கிறார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்பி, ஒலியை வாங்கும் உறுப்பான கேப்சூலைக் கழற்றத் தொடங்குவது வீண் வேலை. இவ்வகை மைக்கில் பேட்டரி முதல் சுவிட்ச் வரையிலான பாதையே முதலில் கெடுகிறது, கேப்சூல் கடைசியில்தான் கெடுகிறது. ஆகவே கீழ்க்காணும் வழிமுறை பேட்டரி அறையில் தொடங்கி, மெல்ல மெல்ல உள்ளே செல்கிறது.

கையில் இருப்பது எந்த வகை?

பழுதுபார்க்குமுன் மைக்கின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டென்சர் மைக்கின் கேப்சூல் என்பது ஒரு மெல்லிய சவ்வும் அதன் பின்னே ஒரு தகடும் சேர்ந்த மின்தேக்கி. சவ்வு அசையும்போது மின்னழுத்தம் மாற வேண்டுமானால் அந்த மின்தேக்கியில் ஏற்கெனவே மின்னூட்டம் இருந்தாக வேண்டும். பழைய முறையில் அந்த மின்னூட்டத்தை 40 முதல் 60 வோல்ட் வரையிலான மின்னழுத்தம் வெளியிலிருந்து தந்தது. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே தேக்கிவைக்கும் படலத்தைக் கொண்டு எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கிய பிறகு அந்த உயர் மின்னழுத்தம் தேவையற்றதாயிற்று. எலெக்ட்ரெட் மைக்கில் பேட்டரி கேப்சூலுக்காக இல்லை. கேப்சூலை ஒட்டி இருந்து அதன் மெல்லிய மின்குறியை வலுப்படுத்தும் ‘எஃப்இடி’ என்ற சிறு டிரான்சிஸ்டரை இயக்கவே அது இருக்கிறது. சோனியின் ‘இசிஎம்’ எனத் தொடங்கும் மாடல் எண்களில் முதல் எழுத்து எலெக்ட்ரெட்டையே குறிக்கிறது.

ஒரே ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல்லிலோ பட்டன் செல்லிலோ இயங்கும் மைக் என்றால், அது எலெக்ட்ரெட் என்றே எடுத்துக்கொள்ளலாம். 9 வோல்ட் பேட்டரி என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, ஜப்பானில் ‘மன்சாய்’ எனப்படும் இரட்டையர் நகைச்சுவை மேடையின் நடுவே நிற்கும் சோனி சி-38பி எலெக்ட்ரெட் வகையைச் சேர்ந்ததன்று. 9 வோல்ட்டை உள்ளேயே உயர்த்தி கேப்சூலுக்குத் தரும் மாற்றி அதில் உண்டு. இத்தகைய மைக் சில மில்லிஆம்பியர் வரை மின்னோட்டம் எடுக்கும்; எலெக்ட்ரெட் பொதுவாக ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும்.

பெயர்ப்பலகை உதிர்ந்துபோன மைக்குக்கு அதன் பேட்டரி அறைதான் ஜாதகம். அறையின் உட்புறத்திலோ மூடியிலோ 1.35, 2.7, 4.05, 5.6, 8.4 என்று 1.5இன் மடங்கில் வராத ஓர் எண் அச்சாகியிருந்தால், அந்த மைக் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது என்று பொருள். தூய பாதரச ஆக்சைடு செல் ஒன்றின் மின்னழுத்தம் 1.35 வோல்ட், மாங்கனீசு டை ஆக்சைடு கலந்ததற்கு 1.4 வோல்ட். ஆகவே 4.05 என்பது மூன்று செல், 5.6 என்பது நான்கு செல், 8.4 என்பது 9 வோல்ட் பேட்டரியின் உருவத்தில் அடைக்கப்பட்ட ஆறு செல். 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவில் இவற்றின் விற்பனை நின்றுபோயிற்று. மற்ற நாடுகளிலும் இவை சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. பழைய பாதரச செல் ஒன்று அறைக்குள் இன்னும் இருந்தால் அதை உடைக்கவோ சூடாக்கவோ கூடாது; முழுதாக எடுத்து, மூடியிட்ட டப்பாவில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்க்க வேண்டும்.

எந்த நிலையிலும் முதலில் செய்யக்கூடாத ஒன்று

வகை தெரியும்வரை மிக்சரின் 48 வோல்ட் பாந்தம் பொத்தானை, அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் பொத்தானை, தொடக்கூடாது. மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் பிளக் இருக்கிறது என்பதாலேயே மைக் பாந்தத்தைத் தாங்கும் என்று கொள்ள முடியாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து 2ஆம், 3ஆம் பின்களுக்கு இடையே அளந்தால் சில பத்து ஓம் காட்டி, அவ்விரண்டிலிருந்தும் 1ஆம் பின்னுக்கு எந்த இணைப்பும் இல்லையென்றால், வெளியீட்டில் மிதக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளது. அத்தகைய மைக்குக்கு பாந்தத்தால் கேடு வராது. மாறாக 3ஆம் பின் 1ஆம் பின்னோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தால் அது சமநிலையற்ற வெளியீடு. அதில் பாந்தம் பாய்ந்தால், 10 அல்லது 16 வோல்ட் தாங்கும்படி போட்ட வெளியீட்டு மின்தேக்கியின் மேல் 48 வோல்ட் விழும். பேட்டரி அறையே இல்லாத பழைய ஜெர்மன் மைக்குகள் வேறொரு சிக்கல். அவற்றுள் சில, 2ஆம் 3ஆம் பின்களுக்கு இடையே 12 வோல்ட் கேட்கும் டி-பவர் முறையைச் சேர்ந்தவை. அவை இங்கே நம் விஷயமல்ல.

அறிகுறி: எதுவுமே கேட்கவில்லை

பேட்டரி அறையைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அல்கலைன் செல் கசிந்த காரம். வினிகரில் அல்லது எலுமிச்சைச் சாற்றில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் மெல்ல நுரைத்துக் கரையும். பழைய துத்தநாக-கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்கு நீரில் குழைத்த சமையல் சோடாதான் ஏற்றது. இரண்டிலும் கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுமையாக உலரவிட வேண்டும். துடைக்கும்போது கேப்சூல் இருக்கும் தலைப்பகுதி மேல்நோக்கி இருக்கட்டும். கரைசல் ஒரு சொட்டு உள்ளே ஓடி சவ்வின்மேல் பட்டால், இல்லாத பழுது ஒன்று உண்டாகும். பச்சை பூத்த ஸ்ப்ரிங்கைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் முலாமையும் சேர்த்து எடுத்துவிடும். மேலே பளிச்சென்று இருக்கும் ஸ்ப்ரிங்கின் அடிப்பக்கம், அதாவது கம்பி பற்றவைக்கப்பட்ட இடம், அரித்துத் தனியே நிற்பது உண்டு. ஒரு முனையை ஸ்ப்ரிங்கிலும் மறுமுனையைச் சர்க்யூட் பலகையிலும் வைத்து அளந்தால் அது உடனே தெரியும்.

கைப்பிடி வடிவ மைக்குகள் பலவற்றில் பேட்டரியின் எதிர்முனைக்குத் தனிக் கம்பி கிடையாது. மைக்கின் உலோக உடலும் அதைத் திருகி மூடும் மரையும்தான் அந்தப் பாதை. மரையில் பல ஆண்டு அழுக்கும் ஆக்சைடும் சேர்ந்தால் புது பேட்டரி போட்டும் மைக் ஊமையாகவே இருக்கும். மரையைப் பழைய பல்துலக்கியில் ஆல்கஹால் தோய்த்துத் தேய்த்து, இருமுறை திருகிக் கழற்றிப் போட்டாலே உயிர் வந்துவிடும் மைக்குகள் உண்டு.

அடுத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்வேன் என்பவர் இதையே செய்யட்டும். செல்லின் ஒரு முனைக்கும் அதன் தொடுதகட்டுக்கும் நடுவே சிறு காகிதத் துண்டைச் செருகி, மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் அளவில் வைத்து, அதன் ஒரு கம்பியைச் செல்லிலும் மற்றொன்றைத் தகட்டிலும் தொட்டு, சுவிட்சைப் போட வேண்டும். எலெக்ட்ரெட் மைக் 0.1 முதல் 1 மில்லிஆம்பியருக்குள் காட்டினால் உள்ளே எஃப்இடி இயங்குகிறது. பழுது அதற்குப் பிந்தைய பகுதியில், அதாவது வெளியீட்டு மின்தேக்கி, டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், பிளக் ஆகியவற்றில் உள்ளது. பூச்சியம் காட்டினால் பாதை அறுந்திருக்கிறது அல்லது சுவிட்ச் கெட்டிருக்கிறது. தகடுகள் கறுத்துப்போன பழைய நகர்த்து சுவிட்சில் ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டு இருபது முப்பது முறை முன்னும் பின்னும் நகர்த்துவது வழக்கம். பல மில்லிஆம்பியர் காட்டினால் எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது. அக்காலத்து டான்டலம் மின்தேக்கியை முதலில் சந்தேகியுங்கள்.

பேட்டரியை எந்தப் பக்கம் போடுவது என்ற குறி அழிந்திருந்தால், ஸ்ப்ரிங் இருக்கும் பக்கம் எதிர்முனை என்று ஊகிக்க வேண்டாம். பிளக்கின் நிலத்தொடர்புப் பகுதி அறையின் எந்த முனையோடு தொடர்புடையது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலான மைக்குகளில் அது எதிர்முனையாக இருக்கும். ஜப்பானிய மைக்கில் எஃப்இடியின் எண் 2எஸ்கே என்று தொடங்கினால் அது என்-சேனல் வகை, நிலம் எதிர்முனை. 2எஸ்ஜே என்றால் பி-சேனல், எல்லாம் தலைகீழ்.

அறிகுறி: பொருத்தமான பேட்டரியே கிடைக்கவில்லை

இதுவும் ஒரு பழுதாகவே நம் கையில் வந்து சேர்கிறது. பாதரச செல்லை நம்பியிருந்த பழைய கேமராக்களின் ஒளிமானிக்கு 1.35 வோல்ட் என்பது துல்லியமாக வேண்டும். மைக்குக்கு அப்படி இல்லை. 1.35க்குப் பதில் 1.5, 5.6க்குப் பதில் 6, 8.4க்குப் பதில் 9 வோல்ட் கொடுத்தால் எந்தக் கேடும் இல்லை. கேமரா கடைகளில் கிடைக்கும் 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி 13 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அறையில் அது ஆடாமல் நின்றால் அதையே போடலாம். இல்லையென்றால் 11.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எல்ஆர்44 பட்டன் செல்களைத் தேவையான எண்ணிக்கையில் அடுக்கி, தடித்த காகிதத்தைக் குழாயாகச் சுற்றி அதனுள் செருகி, மிச்ச நீளத்தைப் பித்தளை வாஷரால் நிரப்ப வேண்டும். அலுமினியத் தாளைச் சுருட்டி அடைப்பது எளிது என்றாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை; அது நாளடைவில் அமுங்கித் தொடர்பை இழந்து, பிறகு வரப்போகும் கரகரப்புக்கு வழிவகுக்கும். பென்சில் செல்லின் அளவிலேயே வரும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லை 1.5 வோல்ட் அறையில் போட வேண்டாம்.

அறிகுறி: தொடக்கத்தில் நன்றாக ஒலித்து, பிறகு மங்குகிறது, அல்லது உரத்த ஒலியில் உடைகிறது

இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே. எஃப்இடிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறையும்போது மெல்லிய பேச்சு சரியாகவே வரும். தவிலோ மிருதங்கமோ அருகில் ஒலித்தால் அலையின் முனை வெட்டுப்படும். மைக் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து, 1.5 வோல்ட் செல் 1.2க்குக் கீழே இறங்கியிருந்தால் செல்லை மாற்றுங்கள். புது செல்லும் சில நாட்களில் தீர்ந்துபோனால், மேலே சொன்ன மின்னோட்டச் சோதனையைச் சுவிட்சை அணைத்துவைத்தும் செய்து பாருங்கள். அணைத்த நிலையிலும் மின்னோட்டம் ஓடினால் பேட்டரிக்குக் குறுக்கே உள்ள மின்தேக்கியில் கசிவு இருக்கிறது அல்லது சுவிட்ச் முழுதாகத் துண்டிக்கவில்லை.

பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் ஒலி உடைந்தால், வெளியீட்டு மின்தேக்கியை மாற்றிவிடுங்கள். 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளே அங்கு இருக்கும். நாற்பது ஆண்டு வயதான ஒன்றை அளந்து பார்த்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதைவிட, சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் புதியதைப் போடுவது புத்திசாலித்தனம். மின்தேக்கியின் கோடிட்ட பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: கரகரப்பு, பொரிவது போன்ற சத்தம்

எப்போது பொரிகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. மைக்கைக் கையில் அசைக்கும்போது மட்டும் வந்தால் பேட்டரித் தொடர்பு, சுவிட்ச், பிளக் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். அசைக்காமல் நிறுத்தி வைத்திருக்கும்போதே, குறிப்பாக மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும், எண்ணெய்ச்சட்டியில் கடுகு வெடிப்பதைப்போல வந்தால் காரணம் ஈரம்.

ஈரம் இவ்வளவு தொல்லை தருவதற்குக் காரணம் எளிது. கேப்சூலும் எஃப்இடியின் நுழைவாயிலும் (கேட் முனை) சேரும் இடத்தில் உள்ள மின்தடை ஏறக்குறைய ஒரு ஜிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம். அந்த இடத்தில் விரல் பட்டு வியர்வை உப்பு படிந்தால், ஈரக்காற்றில் அந்த உப்பே ஒரு மின்பாதையாகி, மின்னூட்டம் விட்டுவிட்டுக் கசியும். அந்தக் கசிவுதான் நம் காதில் பொரிகிறது. மைக்கின் தலைப்பகுதியை, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூன்று நான்கு நாள் வைத்து எடுங்கள். அரிசியில் புதைத்து வைக்கும் கைவைத்தியம் இங்கு வேண்டாம். அரிசித் தூசி சவ்வைச் சென்றடையும். ஹேர் டிரையரும் அடுப்புச் சூடும் அறவே கூடாது, ஏனென்றால் எலெக்ட்ரெட் படலத்தின் மின்னூட்டத்தை வெப்பம் வெளியேற்றிவிடும். உலர்த்திய பிறகும் சத்தம் தொடர்ந்தால், ஜிகா ஓம் மின்தடையும் எஃப்இடியும் உள்ள பகுதியை மென்மையான தூரிகையால் தூய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொண்டு கழுவி, அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடாமல் மூடுங்கள்.

அறிகுறி: ஒலி மெலிந்து தகரம்போல் இருக்கிறது; அல்லது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மூடியிருக்கிறது

மெலிந்த ஒலிக்கு முதலில் சுவிட்சைப் பாருங்கள். அக்காலத்து ஜப்பானிய மைக்குகளில் ‘எம்’, ‘வி’ என்ற இரு நிலைகள் உண்டு. முதலாவது இசைக்கு, மற்றது பேச்சுக்கு. ‘வி’யில் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் வேண்டுமென்றே வெட்டப்படும். பழுதென்று கொண்டுவரப்பட்டு, இந்த ஒரு நகர்த்தலில் சரியாகித் திரும்பிப் போகும் மைக்குகளைப் பார்க்கும்போது, அந்த எழுத்துகளைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டிருக்கலாம் என்று தோன்றும். சுவிட்ச் சரியாக இருந்தும் மெலிவு நீங்காவிட்டால், வெளியீட்டு மின்தேக்கி வறண்டு கொள்ளளவு குறைந்திருக்கும்.

மூடிய ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் கம்பிவலைத் தலைக்குள் ஒட்டியிருக்கும் பாலியூரத்தேன் ஸ்பாஞ்ச். பல பத்தாண்டுகளில் அது பிசுபிசுத்து, பிறகு கறுப்புப் பொடியாக உதிர்ந்து கேப்சூலின் துளைகளை அடைக்கிறது. வலைத்தலையைத் தனியே கழற்றி, மைக்கைத் தலைகீழாகப் பிடித்து, சிதைந்த ஸ்பாஞ்சை இடுக்கியால் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். வாயால் ஊதுவதும் அழுத்தக்காற்று அடிப்பதும் சவ்வைக் கிழிக்கும். வலையைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, மெல்லிய புது ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டால் மேல்ஸ்தாயி திரும்பிவிடும்.

அறிகுறி: ஒரு காதில் மட்டும் கேட்கிறது; தனியே நன்றாக ஒலித்தும் இன்னொரு மைக்கோடு சேர்ந்தால் மெலிகிறது

முதலாவது மைக்கின் குற்றமன்று. மோனோ பிளக்கை ஸ்டீரியோ துளையில் செருகியதன் விளைவு. இரண்டாவது, பின்கள் மாறியதால் வருவது. எக்ஸ்எல்ஆர் பிளக்கில் 2ஆம் பின்னே நேர்முனை என்ற மரபு எல்லா நிறுவனங்களிடமும் நிலைபெறுமுன் வந்த மைக்குகள் சிலவற்றில் 3ஆம் பின் நேர்முனையாக இருக்கும். கேபிளில் அவ்விரு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்து, அந்தக் கேபிளில் அடையாளம் ஒட்டிவைத்தால் போதும்; மைக்கின் உட்புறத்தைத் தொட வேண்டியதில்லை.

அறிகுறி: ஒலி மிகமிகச் சிறியது, அதை உயர்த்தினால் இரைச்சல் மேலெழுகிறது

மின்னோட்டம் சரி, மின்தேக்கி புதிது, தொடர்புகள் சுத்தம். இருந்தும் வாயருகே வைத்துக் கத்தினால்தான் கேட்கிறது என்றால், இப்போதுதான் கேப்சூலைச் சந்தேகிக்க வேண்டும். கேப்சூலும் எஃப்இடியும் தனித்தனியே இருக்கும் மைக்கில், எஃப்இடியின் நுழைவாயிலை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் ஒரு கணம் தொட்டால் உரத்த ‘ஹம்’ கேட்க வேண்டும். கேட்டால் எஃப்இடி நலம், கேப்சூலின் மின்னூட்டம் போய்விட்டது. சவ்வே மின்னூட்டத்தைத் தாங்கிய தொடக்ககால எலெக்ட்ரெட்டுகளில் இது அதிகம். பின்தகட்டில் படலம் ஒட்டிய பிற்காலத்து வகைகள் பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. எலெக்ட்ரெட் அல்லாத மைக்கில் இதே அறிகுறி மின்னழுத்த மாற்றி நின்றுபோனதைக் காட்டும். அது தரும் மின்னழுத்தத்தை ஜிகா ஓம் மின்தடைக்கு முந்தைய வடிகட்டி மின்தேக்கியில் அளக்க வேண்டும், ஏனெனில் அதற்குப் பின்னே அளந்தால் மல்டிமீட்டரின் 10 மெகா ஓம் உள்தடையே மின்னழுத்தத்தைக் கீழே இழுத்து, இல்லாத பழுதைக் காட்டிவிடும்.

மின்னூட்டம் இழந்த எலெக்ட்ரெட்டை மேசைமேல் வைத்து மீண்டும் ஊட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. கேப்சூலை மாற்றுவதே வழி. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலி வாங்கும் மைக் என்றால், பிரிமோ இஎம்272 போன்ற 10 மில்லிமீட்டர் கேப்சூல் நல்ல தேர்வு. முன்பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் கார்டியாய்டு மைக்கில் அதைப் போட்டால் ஒலி வரும், திசைத்தன்மை போய்விடும். அதற்குப் பின்பக்கத் துளைகளும் உள்ள கார்டியாய்டு கேப்சூலே வேண்டும், அத்துளைகளைப் பசையால் மூடிவிடவும் கூடாது. இரண்டு முனையுள்ள புதிய கேப்சூலைப் பழைய மூன்று முனைச் சர்க்யூட்டில் பொருத்தும்போது, மின்வழங்கலுக்கும் வெளியீட்டு முனைக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்க வேண்டும். கேப்சூலின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும் முனை நிலத்தொடர்பு. பற்றவைக்கும் சூடு ஒவ்வொரு முனையிலும் இரண்டு நொடிக்குமேல் நிற்கக்கூடாது. கேப்சூலை ஈரத்துணி சுற்றிய இடுக்கியில் பிடிக்காமல், தடித்த அலுமினியத் துண்டில் அதன் விட்டத்துக்குத் துளையிட்டு, முகம் கீழ்நோக்க அதில் அமர்த்திப் பற்றவைத்தால் வெப்பம் படலத்தை எட்டுமுன் உலோகத்துக்குப் போய்விடும்.